டெக்சாஸ் எவரோடும் சேராமல் தனித்து நின்றிருந்தால்

பெருமாள்மலையைச் சேர்ந்த அன்பர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: “அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது டெக்சாஸ் போன்ற ஒரு மாநிலம் வாஷிங்டனை விட்டுப் பிரிந்துவிட்டு, தென் மாநிலங்கள் அமைத்த கூட்டமைப்பிலும் சேராமல், தனி நாடாகவே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு மாதம்கூடத் தாங்கியிருக்காது என்கிறேன் நான். இன்றுவரை தனி நாடாகவே இருந்திருக்கும் என்கிறார் என் நண்பர். போரின் முடிவாவது மாறியிருக்குமா?” மூஞ்சிக்கல் தேநீர்க் கடையில் தொடங்கிய வாக்குவாதமாம். கேள்வியில் பிரிவது என்ற சொல் முன்னால் நின்றாலும், பிரிந்தபின் எவர் துணையும் இல்லாமல் ஒரு மாநிலம் எத்தனை நாள் நிற்க முடியும், அதற்கு எது தேவை, அதை மற்றவர்கள் பொறுத்துக்கொண்டிருப்பார்களா என்பதையே அவர் உண்மையில் கேட்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

சமவெளியில் ஒரு கல்லூரியில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் முதுகலை மாணவர்களுக்கு அமெரிக்க வரலாறு நடத்தி, ஓய்வுபெற்றபின் கொடைக்கானலுக்கே திரும்பிவிட்டவன் நான். அரசியலமைப்பும் பொருளாதாரமும் எனக்குப் பழக்கமானவை. போர்க்கள வியூகங்களில் எனக்குத் தனித் தேர்ச்சி கிடையாது. ஆகவே எந்தப் படை எந்த ஆற்றைக் கடந்திருக்கும் என்ற கற்பனைகளுக்குள் போகாமல், ஏடுகளில் உறுதியாகப் பதிவான செய்திகளை முதலில் வைத்து, அவற்றிலிருந்து எவ்வளவு தூரம் ஊகிக்கலாமோ அவ்வளவு மட்டும் ஊகிக்கிறேன். இந்த மலைக்கும் அந்த வரலாற்றுக்கும் ஒரு சிறு ஒற்றுமை உண்டு. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியதும், டெக்சாஸ் தன் குடியரசைக் கலைத்துவிட்டு அமெரிக்காவோடு சேர்ந்ததும் ஒரே ஆண்டில்தான், 1845இல்.

முதலில் ஒரு பொதுத் தவறான எண்ணத்தை நீக்கிவிடலாம். அடிமை முறையைக் காக்க அமெரிக்காவை விட்டு விலகிய தென் மாநிலங்கள் கூடிப் பேசி ஒன்றாகப் பிரிந்தன என்றே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஒவ்வொன்றும் தனித்தனியாகவே பிரிந்தது. தென் கரோலினா 1860 டிசம்பர் 20 அன்று 169 வாக்குகளுக்கு ஒரு எதிர்வாக்கும் இல்லாமல் பிரிந்தது. அடுத்த ஜனவரியில் மிசிசிப்பி 9ஆம் தேதியும், புளோரிடா 10ஆம் தேதியும், அலபாமா 11ஆம் தேதியும், ஜார்ஜியா 19ஆம் தேதியும், லூசியானா 26ஆம் தேதியும் பிரிந்தன. பிப்ரவரி 1 அன்று டெக்சாஸ் மாநாடு 166க்கு 8 என்ற கணக்கில் பிரிவினைத் தீர்மானத்தை நிறைவேற்றியது. டெக்சாஸ் தவிர்த்த மற்ற ஆறு மாநிலங்களின் பிரதிநிதிகள், கூட்டமைப்பை உருவாக்க, அலபாமாவின் மாண்ட்கோமரி நகரில் கூடியது பிப்ரவரி 4. தற்காலிக அரசியலமைப்பு நிறைவேறியது பிப்ரவரி 8. இடைப்பட்ட நாட்களில் தென் கரோலினா, தன் கணக்கில், ஏழு வாரம் தனி நாடாகவே இருந்தது. வாஷிங்டனுக்குத் தூதர்களை அனுப்பிக் கோட்டைகளை ஒப்படைக்கும்படி பேச்சு நடத்தவும் முயன்றது. அன்றைய குடியரசுத் தலைவர் புக்கானன் அவர்களைத் தனி மனிதர்களாக மட்டுமே சந்தித்தார். வேற்று நாட்டுத் தூதர்களாக ஏற்கவில்லை.

லூசியானாவின் கதை இதைவிடச் சுவையானது. அது தனக்கென ஒரு கொடியை ஏற்றிக்கொண்டது. நியூ ஆர்லியன்ஸ் நாணயச் சாலையைக் கைப்பற்றிச் சில வாரங்கள் தன் கணக்கிலேயே அரை டாலர் நாணயங்களையும் அடித்தது. ஆனால் கையில் இருந்தவை பழைய அச்சுகளே. ஆகவே பிரிந்துபோன மாநிலம் வெளியிட்ட அந்த வெள்ளிக் காசுகளில் எந்த நாட்டை விட்டுப் பிரிந்ததோ அந்த நாட்டின் பெயரே பொறிக்கப்பட்டிருந்தது. வகுப்பில் இதைச் சொல்லும்போது மாணவர்கள் சிரிப்பார்கள். நானும் அதற்காகவே சொல்வேன். ஆக, தனியாகப் பிரிவது ஏழு மாநிலங்களும் செய்து காட்டிய காரியம். அவற்றில் ஒன்றுகூடத் தனியாகத் தங்கவில்லை. தென் கரோலினா பிரிந்த கையோடு மற்ற மாநிலங்களுக்கு ஆள் அனுப்பிக் கூட்டுச் சேர அழைத்ததே அது தனிமையை எவ்வளவு அஞ்சியது என்பதைக் காட்டும். நம் பக்கத்திலும் இதற்கு ஒப்பான நிகழ்ச்சி உண்டு. பழனி மலையடிவாரத்து விருப்பாச்சியில் இருந்த கோபால் நாயக்கர் கம்பெனியை எதிர்த்தபோது, ஒற்றைப் பாளையமாக நின்று பயனில்லை என்று உணர்ந்துதான் திண்டுக்கல் கூட்டமைப்பை உருவாக்கினார். சிவகங்கை வரை கைகோத்தும் 1801இல் அவர் தூக்கிலிடப்பட்டார்.

சரி, தனித்து நிற்கும் வாய்ப்பு எதற்காவது இருந்தது என்றால் அது டெக்சாஸ்தான். அது ஏற்கெனவே 1836 முதல் 1845 வரை தனிக் குடியரசாக இருந்த நாடு. அமெரிக்காவும் பிரான்சும் பிரிட்டனும் அதை அங்கீகரித்திருந்தன. அது மட்டுமன்று, 1861இல் அந்த மாநிலத்தின் ஆளுநராக இருந்தவர், பழைய குடியரசின் தலைவராக இருமுறை இருந்த சாம் ஹூஸ்டன். அவர் அடிமைகளை வைத்திருந்தவர்தான் என்றாலும் பிரிவினையை எதிர்த்தார். பிப்ரவரி 23 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் ஏறத்தாழ 46,000 பேர் பிரிவினைக்கு ஆதரவாகவும், 15,000க்குச் சற்றுக் குறைவானவர்கள் எதிராகவும் வாக்களித்தனர். தோற்றபின் ஹூஸ்டன் ஒரு நுட்பமான நிலைப்பாட்டை எடுத்தார். மக்கள் வாக்களித்தது அமெரிக்காவை விட்டு விலகுவதற்கு மட்டுமே. வேறொரு கூட்டமைப்பில் சேர்வதற்கு அவர்கள் எந்த ஒப்புதலும் தரவில்லை. எனவே டெக்சாஸ் தன் பழைய தனி நிலைக்கே திரும்பியிருக்கிறது என்பது அவருடைய வாதம். சட்டப்படி பார்த்தால் இதில் வலு இருந்தது. ஆனால் மாநாட்டினர் பொதுவாக்கெடுப்பு நடப்பதற்கு முன்பே மாண்ட்கோமரிக்குப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். மார்ச் 16 அன்று புதிய கூட்டமைப்புக்கு உறுதிமொழி எடுக்க ஹூஸ்டன் மறுத்தார். அவருடைய பதவி காலியானதாக அறிவிக்கப்பட்டு, துணை ஆளுநர் எட்வர்ட் கிளார்க் அந்த நாற்காலியில் அமர்த்தப்பட்டார். வாஷிங்டன் தர முன்வந்த படை உதவியையும் ஏற்காமல் ஹூஸ்டன் ஒதுங்கிக்கொண்டு 1863 ஜூலையில் காலமானார்.

அன்பரின் கற்பனை மெய்யாகியிருக்கக்கூடிய கிளைவழி இந்த மார்ச் மாதத்தில்தான் இருக்கிறது. மாநாடு ஹூஸ்டனின் வாதத்தை ஏற்றிருந்தால் டெக்சாஸ் தனிக் குடியரசு ஆகியிருக்கும். ஏற்றிருக்குமா? மிகவும் ஐயமே. 1845இல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். டெக்சாஸ் அமெரிக்காவோடு சேராமல் தனி நாடாக நீடித்தால் அதை அங்கீகரிக்கிறோம் என்று மெக்சிகோவே அப்போது ஒப்புக்கொண்டது. பிரிட்டனும் பிரான்சும் இடையில் நின்று வாங்கித் தந்த வாக்குறுதி அது. பாதுகாப்பான தனி வாழ்வு தட்டில் வைத்து நீட்டப்பட்டது. டெக்சாஸ் மாநாடு ஒரே ஒரு எதிர்வாக்கோடு அமெரிக்க இணைப்பையே தேர்ந்தெடுத்தது. காரணம் எளிது: பழைய குடியரசு கடனில் மூழ்கிக் கிடந்தது, அதன் காகிதப் பணம் டாலருக்குச் சில சென்ட்கூடப் பெறாத நிலைக்கு வந்திருந்தது. 1850இல் வடமேற்கு நிலப்பரப்புகளை அமெரிக்காவுக்கு விட்டுக்கொடுத்து ஒரு கோடி டாலர் மதிப்புள்ள கடன் பத்திரங்களைப் பெற்ற பிறகுதான் அந்தச் சுமை தீர்ந்தது. தனி நாடாக வாழ்ந்து பார்த்தவர்களுக்கே அதில் பற்று இல்லாமல் போயிருந்தது என்பது உங்கள் நண்பர் கவனிக்க வேண்டிய செய்தி.

ஆயினும் கற்பனையைத் தொடர்வோம். தனி டெக்சாஸ் உடனே தாக்கப்பட்டிருக்குமா? இங்கேதான் ஒரு மாதம்கூடத் தாங்காது என்ற உங்கள் வாதம் தளர்கிறது. போர் தென் கரோலினாவில் வெடித்ததற்கு நேரடிக் காரணம், அங்கே சம்ட்டர் கோட்டையில் அமெரிக்கப் படையினர் இன்னும் இருந்ததுதான். டெக்சாஸில் அப்படிப்பட்ட கோட்டையே மிஞ்சவில்லை. தளபதி டேவிட் ட்விக்ஸ் 1861 பிப்ரவரி நடுவில் சான் அன்டோனியோவில் தம் கீழிருந்த அத்தனை நிலைகளையும், 2,500க்கு மேற்பட்ட வீரர்கள் வெளியேறுவதற்கான ஒப்பந்தத்தோடு, மாநிலத்திடம் ஒப்படைத்துவிட்டார். சுட்டுத் தொடங்குவதற்கு அங்கே இலக்கே இல்லை. எந்த மாநிலமும் தன் விருப்பத்தால் மட்டும் விலகிவிட முடியாது என்று லிங்கன் மார்ச் 4 அன்று பதவியேற்றபோது தெளிவாகச் சொன்னார்; ஆகவே அவர் டெக்சாஸ் குடியரசை அங்கீகரித்திருக்க மாட்டார் என்பது உறுதி. ஆனால் அங்கீகரிக்காமல் இருப்பதும் படையெடுப்பதும் வேறு வேறு. வர்ஜீனியாவிலும் மிசிசிப்பி ஆற்றிலும் கை நிறைய வேலை இருக்கும்போது, வம்புக்கு வராத ஒரு தொலைதூர மாநிலத்தை அவர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பார் என்றே நினைக்கிறேன். இது என் ஊகம்தான். ஆனால் ஆதாரமில்லாத ஊகம் அன்று.

ஆதாரம் கென்டக்கி. அது பிரியவில்லை, ஆனால் எந்தப் பக்கமும் சேர மாட்டேன் என்று 1861 மே மாதத்தில் ஆளுநர் மகாஃபின் அறிவித்தார். லிங்கன் அதைப் பல வாரங்கள் பொறுத்துக்கொண்டார். இரு தரப்பும் எல்லைக்கு அப்பால் முகாம் போட்டு அந்த மாநிலத்து இளைஞர்களைத் தத்தம் படைக்கு இழுத்துக்கொண்டிருந்தன. வாணிகமும் இரு பக்கமும் நடந்தது. செப்டம்பர் தொடக்கத்தில் தென்படைத் தளபதி போல்க் ஆற்றங்கரையிலுள்ள கொலம்பஸ் ஊரைப் பிடித்தார். இரண்டொரு நாளில் வடபடைத் தளபதி கிராண்ட் அதே மாநிலத்துப் பதூகா ஊரைப் பிடித்தார். நடுநிலை நான்கு மாதங்களுக்குள் முடிந்தது. கென்டக்கியை இழப்பது ஆட்டத்தையே இழப்பதற்குச் சமம் என்று லிங்கன் அந்த மாதத்திலேயே ஒரு கடிதத்தில் எழுதினார். கென்டக்கி சதுரங்கப் பலகையின் நடுக்கட்டம். இரு தரப்பும் அதை மிதிக்காமல் நகர முடியாது. டெக்சாஸ் ஓரக் கட்டம். அந்த ஒரு வேறுபாட்டால்தான் அதற்கு மாதக் கணக்குக்குப் பதில் ஆண்டுக் கணக்கைத் தருகிறேன்.

இனி வயிற்றுப்பாட்டுக்கு வருவோம். உணவுக்கு டெக்சாஸில் குறைவில்லை. மக்காச்சோளமும் மாட்டிறைச்சியும் வேண்டிய அளவு இருந்தன. கிராண்ட் சலைன் பகுதியில் உப்புக் காய்ச்சினார்கள். ஹன்ட்ஸ்வில் சிறைச்சாலையில் கைதிகளைக் கொண்டு துணி நெய்தார்கள். வெளியிலிருந்து வரவேண்டியவை துப்பாக்கி, வெடிமருந்து, இயந்திரங்கள், மருந்துகள், பிறகு காப்பி. போர்க்காலத்தில் காப்பிக் கொட்டை கிடைக்காமல் அந்த மக்கள் வெண்டை விதையையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் வறுத்துக் குடித்தார்கள் என்பதைத் தாண்டிக்குடிக் காப்பித் தோட்டக்காரர்கள் கேட்டால் பரிதாபப்படுவார்கள். விற்பதற்கு அந்த மாநிலத்திடம் இருந்தது பஞ்சு ஒன்றே. 1860ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 4,31,000 பொதி; நாட்டு மொத்த விளைச்சலில் எட்டு சதவீதம் போல. அதை ஏற்றுமதி செய்யக் கால்வெஸ்டன் துறைமுகம் இருந்தது. இருப்புப் பாதைகள் 500 மைலுக்கும் குறைவு. நியூ ஆர்லியன்ஸை எட்டும் பாதை ஒன்றுகூட இல்லை.

மலையில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பெருமழையில் மண் சரிந்து வத்தலக்குண்டுப் பாதை அடைபட்டால் நமக்குக் கேரட்டும் உருளைக்கிழங்கும் பூண்டும் இல்லாமல் போவதில்லை. அவை லாரியிலேயே அழுகுகின்றன, கீழிருந்து வரவேண்டியவைதான் வருவதில்லை. அப்போது பெருமாள்மலைச் சந்திப்பிலிருந்து இறங்கும் பழனிப் பாதை எவ்வளவு பெரிய துணை என்பது கேள்வி கேட்டவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். டெக்சாஸுக்கும் அப்படி ஓர் இரண்டாம் பாதை இருந்தது. கால்வெஸ்டனைக் கப்பல்கள் 1861 ஜூலையிலிருந்து முற்றுகையிட்டபோது, பஞ்சுப் பொதிகள் மாட்டு வண்டிகளில் தெற்கே ரியோ கிராண்டே ஆற்றுக்குப் போய், அக்கரையில் மெக்சிகோவின் மட்டமோரோஸ் நகரை அடைந்து, முகத்துவாரத்தில் பாக்தாத் என்ற பெயர் கொண்ட ஒரு மணல்மேட்டு ஊரிலிருந்து ஐரோப்பியக் கப்பல்களில் ஏறின. 1848ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி அந்த ஆறு இரு நாட்டுக்கும் பொது என்பதால் அமெரிக்கக் கடற்படை அதைச் சட்டப்படி அடைக்க முடியவில்லை.

தனி டெக்சாஸ் நடுநிலையில் நின்றிருந்தால், மட்டமோரோஸ் செய்த வாணிகத்தைக் கால்வெஸ்டனே செய்திருக்கும். பக்கத்து லூசியானா, அர்கான்சாஸ் பஞ்சும் அந்த வழியே வெளியேறியிருக்கும். துப்பாக்கிகள் அந்த வழியே உள்ளே போயிருக்கும். ஓரிரு ஆண்டுகளில் அந்த நாடு செழித்துக்கூட இருக்கலாம். ஆனால் அந்தச் செழிப்பே அதற்கு வினையாக வந்திருக்கும். நடுநிலைத் துறைமுகத்துக்குப் போகும் கப்பலையும் வாஷிங்டன் விட்டுவைக்கவில்லை என்பதற்குப் பீட்டர்ஹாஃப் வழக்கு சான்று. மட்டமோரோஸுக்குப் போய்க்கொண்டிருந்த அந்த ஆங்கிலக் கப்பலை 1863 பிப்ரவரியில் கரீபியக் கடலிலேயே பிடித்தார்கள். முகத்துவாரம் முற்றுகைக்கு உட்பட்டதன்று என்றும், ஆனால் தென்படைக்குப் போகும் போர்ப்பொருளைப் பறிமுதல் செய்யலாம் என்றும் உச்ச நீதிமன்றம் பின்னர் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பரில் வடபடைத் தளபதி பேங்க்ஸ் ரியோ கிராண்டே ஆற்றங்கரையிலுள்ள பிரவுன்ஸ்வில்லைப் பிடித்ததற்கும் பஞ்சு வாணிகத்தை அறுப்பது ஒரு காரணம். எனவே நடுநிலை டெக்சாஸின் துறைமுகங்கள், போர் அறிவிப்பு இல்லாமலேயே, 1863 அளவில் கப்பல்களால் சூழப்பட்டிருக்கும் என்று ஓரளவு உறுதியாகவே சொல்லலாம்.

பிரிட்டனோ பிரான்சோ அங்கீகரித்துக் காப்பாற்றியிருக்குமா? பிரிட்டனிடம் எனக்கு நம்பிக்கை இல்லை. கூட்டமைப்பு முழுவதன் பஞ்சும் சேர்ந்தே அதன் அங்கீகாரத்தை வாங்க முடியவில்லை; எகிப்தும் இந்தியாவும் இடைவெளியை ஓரளவு நிரப்பின. நம் கோயம்புத்தூர், திருநெல்வேலிக் கரிசல் காட்டுப் பஞ்சுக்கு அந்த நான்காண்டுகளில் கிடைத்த விலை அதன் விளைவே. 1865இல் போர் முடிந்ததும் விலை சரிந்து பம்பாயில் வங்கிகள் கவிழ்ந்ததும் அதன் தொடர்ச்சியே. பிரான்சின் நிலை வேறு. மூன்றாம் நெப்போலியன் மெக்சிகோவில் படை இறக்கியிருந்தார். அவருக்கும் அமெரிக்காவுக்கும் நடுவே ஒரு சிறு நாடு இருப்பது அவருக்கு வசதி. இது வெறும் ஊகமன்று. கால்வெஸ்டனில் இருந்த பிரெஞ்சுத் துணைத்தூதர் தெரோன் 1862இல் டெக்சாஸ் ஆளுநர் லபக்குக்கு ஒரு கடிதம் எழுதி, பழைய குடியரசை மீண்டும் நிறுவுவது நல்லதா என்று கேட்டார். லபக் அதை மறுத்துக் கடிதத்தைக் கூட்டமைப்பின் தலைநகருக்கு அனுப்பிவைத்தார். இது சூழ்ச்சி என்று முடிவுசெய்த கூட்டமைப்பு அரசு அந்தத் துணைத்தூதரை வெளியேற்ற உத்தரவிட்டது. நீங்கள் தேநீர்க் கடையில் கேட்ட கேள்வியை ஒரு பிரெஞ்சு அதிகாரி 160 ஆண்டுகளுக்கு முன்பே எழுத்தில் கேட்டிருக்கிறார். கிடைத்த பதில், டெக்சாஸ் ஆளுநருக்கே அந்த யோசனையில் விருப்பமில்லை என்பது.

தனி டெக்சாஸைப் பற்றிக் கற்பனை செய்பவர்கள் பலர் கொடி, நாணயம், எல்லைக்கோடு என்று பேசிவிட்டு ஒரு கணக்கை மறந்துவிடுகிறார்கள். 1860இல் அந்த மாநிலத்தில் இருந்த 6,04,000 மக்களில் 1,82,000க்கு மேற்பட்டவர்கள் அடிமைகள். பிரிவினைக்கான காரணங்களை விளக்கி 1861 பிப்ரவரி 2 அன்று டெக்சாஸ் மாநாடு வெளியிட்ட அறிக்கை அடிமை முறையைக் காப்பதே நோக்கம் என்பதை மறைக்கவே இல்லை. பழைய குடியரசின் 1836ஆம் ஆண்டு அரசியலமைப்போ, நாடாளுமன்ற அனுமதி இல்லாமல் உரிமையாளர் தம் அடிமையை விடுவிக்கவும் முடியாது, விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் அந்த நாட்டில் வாழவும் முடியாது என்று விதித்திருந்தது. மறுபடியும் எழும் குடியரசும் அந்த அடித்தளத்தின் மேல்தான் எழுந்திருக்கும். லிங்கன் 1863 ஜனவரி 1 அன்று வெளியிட்ட அடிமை விடுதலைப் பிரகடனம் கலகத்தில் ஈடுபட்ட மாநிலங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது; டெக்சாஸும் அந்தப் பட்டியலில் உண்டு. கலகம் செய்யாமல் நடுநிலையில் நின்றிருந்தால் அந்தப் பெயர் பட்டியலில் இருந்திருக்குமா என்பதே கேள்வி. 1865 ஜூன் 19 அன்று தளபதி கிரேஞ்சர் கால்வெஸ்டனில் படித்த விடுதலை ஆணை பல ஆண்டுகள் தள்ளிப்போயிருக்கும் என்பதே என் கணிப்பு. கியூபாவில் 1886, பிரேசிலில் 1888 வரை அடிமை முறை நீடித்ததை வைத்துப் பார்த்தால் அது பொய்யான அச்சம் அன்று. அந்த 1,82,000 பேருக்கு எட்டக்கூடிய விடுதலை, 1829இலேயே அடிமை முறையை ஒழித்திருந்த மெக்சிகோவை நோக்கி ஆற்றைக் கடந்து ஓடுவது மட்டுமே.

உள்ளேயும் எல்லாரும் ஒருமனதாக இருந்திருக்க மாட்டார்கள். டெக்சாஸ் மலைப்பகுதியில் குடியேறியிருந்த ஜெர்மானியர்களில் பலர் ஒன்றியத்தின், அதாவது வாஷிங்டனின், பக்கம். 1862 ஆகஸ்டில் மெக்சிகோவுக்குப் போய்க்கொண்டிருந்த அவர்களில் ஒரு குழுவை நியூசஸ் ஆற்றங்கரையில் தாக்கிக் கொன்றார்கள். அக்டோபரில் வடக்கே கெயின்ஸ்வில்லில் ஒன்றிய ஆதரவாளர்கள் என்ற ஐயத்தில் நாற்பது பேரளவில் தூக்கிலிட்டார்கள். இவற்றுக்கு உடனடிக் காரணமாக இருந்த கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம் கூட்டமைப்பினுடையது. தனி டெக்சாஸில் அது இருந்திருக்காது என்பதால் இந்தக் கொலைகள் தவிர்ந்திருக்கலாம். ஆனால் மேற்கு எல்லையில் கொமாஞ்சி, கயோவா என்ற பழங்குடியினருடன் நடந்துகொண்டிருந்த மோதலை அதுவரை அமெரிக்க ராணுவம்தான் தன் செலவில் சமாளித்தது. அந்தச் செலவு முழுவதும் புதிய குடியரசின் தலையில் விழுந்திருக்கும். பழைய குடியரசைக் கடனில் ஆழ்த்தியதும் இத்தகைய படைச் செலவுகளே.

மற்ற மாநிலங்களைப் பற்றி இரண்டு வரி போதும். நியூயார்க் நகரைத் தனிச் சுதந்திர நகராக்கலாம் என்று அதன் மேயர் பெர்னாண்டோ வுட் 1861 ஜனவரியில் சொல்லிப் பார்த்தார், எவரும் பொருட்படுத்தவில்லை. பசிபிக் குடியரசு என்ற பேச்சு கலிபோர்னியாவில் எழுந்து அடங்கியது. நமக்கு இன்னும் அருகில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. பேரிஜம் ஏரியைத் தாண்டி டாப் ஸ்டேஷன் பக்கம் போகும் பழைய பாதை எந்த நாட்டுக்குள் நுழையும் என்ற கேள்வி 1947 ஜூன், ஜூலையில் உண்மையாகவே எழுந்தது. திருவிதாங்கூர் தனி நாடாக இருக்கும் என்று திவான் சி.பி. ராமசாமி ஐயர் அறிவித்திருந்தார். துறைமுகமும் தாதுவளமும் இருந்தும், அரிசிக்கு வெளியாரை நம்பியிருந்த சமஸ்தானம் அது. உள்ளே எதிர்ப்பும் கடுமையாக இருந்தது. ஜூலை 25 அன்று திவான் தாக்கப்பட்டார். சில நாட்களுக்குள் மன்னர் இந்தியாவுடன் இணைய ஒப்புக்கொண்டார். அங்கே உள்நாட்டுப் போர் இல்லை என்பதால் இந்த ஒப்புமையை நான் அதிகம் இழுக்கவில்லை.

இப்போது காலக் கணக்கு. போர் நடந்த நான்காண்டுகள் டெக்சாஸ் குடியரசு தாக்குப்பிடித்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. சிக்கல் 1865இல் வரும். தென்படை சரணடைந்த சில வாரங்களில், மெக்சிகோவில் இருந்த பிரெஞ்சுப் படையை மிரட்டுவதற்காகத் தளபதி ஷெரிடன் ஏறத்தாழ 50,000 வீரர்களோடு டெக்சாஸுக்கும் எல்லைப் பகுதிக்கும் அனுப்பப்பட்டார். நம் கற்பனையில் அந்தப் படை தனி டெக்சாஸின் வாசலில் நிற்கிறது. கப்பல்கள் துறைமுகத்தில் நிற்கின்றன. பிரான்சு 1867க்குள் மெக்சிகோவை விட்டே போய்விடுகிறது. அந்த நிலையில் ஒரு குண்டும் வெடிக்காமல் பேச்சு வார்த்தையில் டெக்சாஸ் திரும்பச் சேர்ந்திருக்கும் என்பதே எனக்குத் தோன்றும் முடிவு. 1850இல் நடந்ததுபோல் கடனை அடைக்கப் பணம் வாங்கிக்கொண்டு சேர்ந்திருந்தாலும் வியப்பில்லை. உண்மை வரலாற்றில் அந்த 1850ஆம் ஆண்டுக் கடன் பத்திரங்களைப் போர்க்காலத்தில் டெக்சாஸ் விற்றதைப் பற்றிய வழக்கில்தான், பிரிவினையே செல்லாது, ஒன்றியமும் அழியாது, மாநிலமும் அழியாது என்று தலைமை நீதிபதி சேஸ் 1869இல் தீர்ப்பெழுதினார்.

போரின் முடிவு மாறியிருக்குமா என்ற கடைசிக் கேள்விக்கு, மாறியிருக்காது என்று துணிந்து சொல்வேன். ஹூட் படைப்பிரிவு போன்ற டெக்சாஸ் வீரர்கள் வர்ஜீனியாவில் புகழோடு போரிட்டார்கள் என்பது உண்மை. அவர்கள் இல்லாமல் தென்படை சில களங்களில் இன்னும் விரைவாகத் தளர்ந்திருக்கும். ஆனால் 1863 ஜூலை 4 அன்று ஆற்றங்கரைக் கோட்டை நகரான விக்ஸ்பர்க் வீழ்ந்து மிசிசிப்பி ஆறு முழுவதும் வடக்கின் கைக்குப் போன பிறகு, ஆற்றுக்கு மேற்கே இருந்த டெக்சாஸ் எப்படியும் போரின் மையத்திலிருந்து துண்டிக்கப்பட்டுதான் கிடந்தது. ஆகவே வாக்குவாதத்தில் உங்கள் ஒரு மாதமும் உங்கள் நண்பரின் இன்றுவரையும் இரண்டுமே நிற்கவில்லை. நான் நான்கு முதல் ஏழு ஆண்டுகள் தருகிறேன். நான்கு ஆண்டுகளைச் சற்று உறுதியோடும், அதற்கு மேற்பட்டதைத் தயக்கத்தோடும்.